முதலைக்கு யார் சொந்தம்? பரிணாம மரத்தைப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூரின் சுங்கை பூலோ சதுப்பு நிலக் காப்பகத்தில் உள்ள பெரிய பாலத்தில், நீர் வற்றும் நேரமாகப் பார்த்துக் காலையில் போய் நில்லுங்கள். சேற்றில் தத்தித் தத்திப் போகும் மட்ஸ்கிப்பர் மீன் தெரியும். கரையோரம் நாக்கை நீட்டி நீட்டி நீருடும்பு நகரும். சற்றுத் தள்ளி வெள்ளைக் கொக்கு ஒன்று இரைக்காகக் காத்து நிற்கும். கொடுத்துவைத்தவர்களுக்கு வாயைப் பிளந்து கிடக்கும் உப்புநீர் முதலையும், கூட்டமாக நீந்தும் நீர்நாய்களும்கூடக் கண்ணில் படும்.

தொடக்கக் கல்லூரியில் உயிரியல் படிக்கும் அக்கா மகளோடு ஒருநாள் அங்கே நின்றபோது, "இந்த நாலு பேர்ல முதலைக்கு ரொம்ப நெருங்கின சொந்தம் யாரு?" என்று கேட்டேன். "உடும்புதான் சித்தி, பார்த்தாலே தெரியுதே" என்றாள். கொக்கு என்று நான் சொன்னதை அவள் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து பாடப் புத்தகத்தைத் திறந்தோம். விடை அதில் இருந்தது. ஆனால் கிளேட், நோட், சிஸ்டர் டாக்ஸா, சினாப்போமார்ஃபி என்ற சொற்களுக்கு நடுவே அது புதைந்து கிடந்தது.

அன்று மாலை சாப்பாட்டு மேசையில் நாங்கள் இருவரும் செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். இந்தச் சொற்களைப் பட்டியலாக மனப்பாடம் செய்தால் தேர்வு முடிந்த மறுநாளே மறந்துபோகும். ஒரு மரத்தை வரைந்து, ஒவ்வொரு சொல்லையும் அதன் இடத்தில் வைத்துப் பார்த்தால் மறக்காது. ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மரத்தை வரைவோம்

தாளின் இடது ஓரத்தில் ஒரு கோடு தொடங்குங்கள். சிறிது தூரம் போனதும் அதை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு கிளையை வலது ஓரம்வரை இழுத்து, முனையில் 'மட்ஸ்கிப்பர்' என்று எழுதுங்கள். மற்றக் கிளை கொஞ்ச தூரம் போய் மறுபடி பிரியட்டும். அதில் ஒன்று 'நீர்நாய்' வரை போகும். மீதமுள்ளது மீண்டும் பிரிந்து ஒரு கிளை 'உடும்பு' வரை போகும். கடைசியாக மிஞ்சும் கோடு 'முதலை', 'கொக்கு' என்று இரண்டாகப் பிரியும்.

இடப்பக்கம் கடந்த காலம், வலப்பக்கம் இன்று. தொடக்கக் கோடு வேர். வலது ஓரத்துப் பெயர்கள் நுனிகள். ஒவ்வொரு கோடும் கிளை, அதாவது தலைமுறை தலைமுறையாக நீண்ட ஒரு வம்சம். கோடு பிரியும் இடம்தான் 'நோட்'. தமிழில் கணு. கரும்பிலும் மூங்கிலிலும் நாம் பார்க்கும் அதே கணு.

இந்தச் சொல்லை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கணுவும் ஒரு பொது மூதாதை, அதாவது ஒரு காலத்தில் வாழ்ந்து பின்னர் இரு வழியாகப் பிரிந்துபோன ஓர் உயிரினக் கூட்டம். உங்கள் மரத்தில் நான்கு கணுக்கள் இருக்கும். இடமிருந்து வலமாக 1, 2, 3, 4 என்று எண் போடுங்கள். முதல் கணு 40 கோடி ஆண்டுகளுக்கும் முந்தையது. பாலூட்டி வழியும் ஊர்வன வழியும் பிரிந்த இரண்டாவது கணு சுமார் 32 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது. முதலை வழியும் பறவை வழியும் பிரிந்த நான்காவது கணுவுக்கு ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகள் ஆகின்றன.

இந்த வம்ச வரலாறு முழுவதற்கும் பெயர் 'ஃபைலோஜெனி'. தமிழில் இனவரலாறு எனலாம். டார்வின் 1837-இல் தன் குறிப்பேட்டில் கிறுக்கிய சிறு மரமும் இதே வகைப் படம்தான்.

உறவைக் கணுவில் தேடுங்கள்

தமிழ்க் குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு இது கைவந்த கலை. கூடப்பிறந்தவரும் நீங்களும் பெற்றோரில் சந்திக்கிறீர்கள். சித்தப்பா மகனும் நீங்களும் தாத்தாவில் சந்திக்கிறீர்கள். ஊரிலிருந்து வரும் தூரத்துப் பங்காளியோடு பூட்டனுக்கும் அப்பால் போய்த்தான் சந்திக்க முடியும். எத்தனை தலைமுறை பின்னால் போகவேண்டும் என்பதே உறவின் நெருக்கம். முகச்சாயல் இங்கே கணக்கில் வராது. சித்தப்பா மகன் உங்களை உரித்துவைத்தாற்போல இருந்தாலும் அவர் கூடப்பிறந்தவர் ஆகிவிடமாட்டார்.

மரத்திலும் இதே கணக்குத்தான். முதலை நுனியில் ஒரு விரல், கொக்கு நுனியில் ஒரு விரல் வையுங்கள். இரண்டையும் இடப்பக்கமாக நகர்த்தினால் கணு 4-இல் சந்திக்கும். முதலையையும் உடும்பையும் அப்படி நகர்த்தினால் கணு 3 வரை போகவேண்டும். கணு 4 பிந்தையது. ஆகவே முதலைக்குக் கொக்குதான் நெருங்கிய சொந்தம். இரு நுனிகள் சந்திக்கும் முதல் கணுவுக்குப் பெயர் 'அண்மைப் பொது மூதாதை'.

இப்போது அக்கா மகளைத் திணறவைத்த கேள்வி. நீர்நாய்க்கு நெருங்கிய உறவு யார்: உடும்பா, முதலையா, கொக்கா? நான்கு கால் இருப்பதால் உடும்பு என்று சொல்லத் தோன்றும். நீர்நாயின் பக்கத்தில் எழுதியிருப்பதும் உடும்பைத்தான். விரலை வைத்துப் பாருங்கள். மூன்றிலும் நீர்நாயைச் சந்திக்கும் இடம் கணு 2. மூன்றுமே அதற்குச் சம தூரத்துச் சொந்தம்.

நுனிகள் எந்த வரிசையில் எழுதப்பட்டுள்ளன என்பதற்கு எந்தப் பொருளும் இல்லை. தொட்டிலுக்கு மேலே கட்டித் தொங்கவிடும் பொம்மைகளை நினைத்துக்கொள்ளுங்கள். காற்றில் அவை சுழலும்போது இடம் மாறும், ஆனால் எந்தக் கயிற்றில் எது கட்டியிருக்கிறது என்பது மாறாது. அதுபோல எந்தக் கணுவையும் திருப்பிவிடலாம். முதலையை மேலேயும் கொக்கைக் கீழேயும் எழுதினாலும் அதே மரம்தான். தேர்வுத்தாளில் இரண்டு படங்களைக் கொடுத்து 'இரண்டும் ஒன்றா?' என்று கேட்டால் நுனிகளைப் பார்க்காதீர்கள், கணுக்களைப் பாருங்கள்.

சகோதரக் குழு, வெளிக்குழு

ஒரே கணுவிலிருந்து பிரியும் இரண்டு கிளைகளும் ஒன்றுக்கொன்று சகோதரக் குழு, அதாவது 'சிஸ்டர் டாக்ஸா'. நம் மரத்தில் முதலைக்குக் கொக்கு. உடும்புக்கோ, முதலையும் கொக்கும் சேர்ந்த ஜோடி. ஓர் எச்சரிக்கை: யாரையெல்லாம் மரத்தில் சேர்த்திருக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். கொக்கை அழித்துவிட்டால் முதலைக்கு உடும்பு சகோதரக் குழு ஆகிவிடும். அதனால் 'இந்த மரத்தில்' என்று சேர்த்துச் சொல்வது நல்ல பழக்கம்.

மற்ற நான்கும் தங்களுக்குள் பிரிவதற்கு முன்பே தனியாகப் போய்விட்ட மட்ஸ்கிப்பர் இங்கே வெளிக்குழு, அதாவது 'அவுட்குரூப்'. எந்தப் பண்பு பழையது, எது புதியது என்று ஒப்பிட அது அளவுகோலாக உதவும்.

முருங்கைக் கிளைச் சோதனை

முருங்கை மரத்தில் ஒரே ஓர் இடத்தில் ஒடித்தால், அந்த இடத்துக்கு மேலே உள்ள எல்லாக் கொப்பும் இலையும் சேர்ந்து கையோடு வந்துவிடும். எதுவும் மரத்தில் தங்காது, வேறு கிளையின் இலையும் கூடவே வராது. பரிணாம மரத்தில் இப்படி ஒரே வெட்டில் வரும் குழுதான் கிளைக்குழு, ஆங்கிலத்தில் 'கிளேட்'. ஒரு மூதாதையும் அதன் வழிவந்த எல்லாரும் என்பது இலக்கணம். இத்தகைய குழுவை 'மோனோஃபைலெட்டிக்' என்பார்கள்.

மூதாதையின் வழிவந்தவர்களில் சிலரை விட்டுவிட்டால் அது 'பாராஃபைலெட்டிக்', குறைப்பட்ட குழு. ஊர்வன என்று சொல்லி முதலையையும் உடும்பையும் சேர்த்து, கொக்கை விட்டுவிடுகிறோமே, அது இப்படிப்பட்டதுதான். கணு 3-இல் வெட்டினால் கொக்கும் கூடவே வரும். பறவைகளைச் சேர்த்தால்தான் ஊர்வன முழுக் கிளைக்குழு ஆகும்.

வெவ்வேறு கிளைகளிலிருந்து சிலரைப் பொறுக்கி, அவர்களுடைய பொது மூதாதையை விட்டுவிட்டு ஒன்றாகச் சேர்த்தால் 'பாலிஃபைலெட்டிக்', பொறுக்கிச் சேர்த்த குழு. 'வெப்ப ரத்தப் பிராணிகள்' என்று நீர்நாயையும் கொக்கையும் கூட்டுவது அப்படி.

கடைசி இரண்டுக்கும் இன்னும் உதாரணம் வேண்டுமானால் தேக்கா ஈரச்சந்தைக்குப் போங்கள். மீன்கடையில் சுறா இருக்கும், வஞ்சிரம் இருக்கும், பக்கத்தில் கணவாயும் இறாலும் இருக்கும். எல்லாவற்றையும் கடல் உணவு என்கிறோம். கணவாய் நத்தைக்கும் சிப்பிக்கும் உறவு. இறாலோ பூச்சிகளின் பக்கம். அது பொறுக்கிச் சேர்த்த குழு. சரி, அவற்றை ஒதுக்கிவிட்டு மீன்களை மட்டும் எடுத்தால்? அதுவும் குறைப்பட்ட குழுதான். வஞ்சிரம் எலும்பு மீன். எலும்பு மீன் வம்சத்தின் ஒரு கிளைதான் நான்கு கால் பெற்றுக் கரையேறியது. சுறாவின் வழி அதற்கும் முன்பே பிரிந்துவிட்டது. ஆக, பலகையில் சுறாவும் வஞ்சிரமும் அருகருகே கிடந்தாலும், வஞ்சிரத்துக்கு அந்தச் சுறாவைவிடக் கூடையோடு எதிரே நிற்கும் நீங்கள்தான் நெருங்கிய சொந்தம். சுறாப்புட்டுக்கு மீன் வாங்கப் போகும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வந்துவிடுகிறது.

எந்தப் பண்பு சாட்சி சொல்லும்?

மரத்தை வரைந்தவர்களுக்கு அது எப்படித் தெரிந்தது? பாடத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. மாணவர்கள் அதிகம் சறுக்குவதும் இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

ஐந்து விலங்குகளுக்கும் முதுகெலும்பு உண்டு. அதை வைத்து யார் யாருக்கு நெருக்கம் என்று சொல்ல முடியுமா? முடியாது. அது வேரிலிருந்தே எல்லாருக்கும் வந்த சொத்து. இதற்குப் பெயர் மூதாதைப் பண்பு. கொக்குக்கு மட்டுமே உள்ள இறகும் உதவாது. அது ஒரு நுனியின் தனிச்சொத்து.

உதவுவது மூன்றாவது வகை. குழந்தை பிறக்கும் முன் 'பனிக்குடம் உடைந்துவிட்டது' என்று வீட்டில் சொல்வார்களே, அந்தப் பனிக்குடம் நமக்கு மட்டும் உரியதன்று. உடும்பின் முட்டைக்குள்ளும் முதலை முட்டைக்குள்ளும் கொக்கு முட்டைக்குள்ளும் கருவைச் சூழ்ந்து அதே படலம் இருக்கிறது. நீர்நாயின் வயிற்றிலும் இருக்கிறது. மட்ஸ்கிப்பரிடம் இல்லை. வெளிக்குழுவில் இல்லாதது மற்ற நான்கிலும் இருப்பதால், அது கணு 1-க்குப் பிறகு, கணு 2-க்கு முன் தோன்றிய புதுமை என்று கொள்ளலாம். இப்படி ஒரு மூதாதையிடம் புதிதாகத் தோன்றி அதன் வாரிசுகள் பகிர்ந்துகொள்ளும் பண்புதான் 'சினாப்போமார்ஃபி', பகிர்ந்த புதுப்பண்பு. உறவுக்குச் சாட்சி சொல்ல இதற்கு மட்டுமே தகுதி உண்டு என்பதை 1950-இல் ஜெர்மானியப் பூச்சியியலாளர் வில்லி ஹென்னிக் விதியாக நிலைநாட்டினார். கிளையியல் என்ற துறையே அதிலிருந்து வளர்ந்தது.

அக்கா மகள் உடும்பையும் முதலையையும் சேர்த்தது ஏன் என்று இப்போது புரியும். நாலு காலில் தவழும் உடல்வாகு, செதில் தோல், குளிர் ரத்தம் என்று அவள் கண்ணில் பட்டதெல்லாம் பழைய சொத்து. கொக்கின் முன்னோர்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தார்கள். கொக்கு வழி மாறிப்போனது, மற்ற இரண்டும் பெருமளவு பழைய உருவத்திலேயே தங்கிவிட்டன. மாறாமல் இருப்பது உறவுக்கு ஆதாரம் ஆகாது.

ஒரே காட்டில் நான்கு பேர் சறுக்கிப் பறக்கிறார்கள்

புக்கிட் தீமா காட்டையும் அதை ஒட்டிய மத்திய நீர்ப்பிடிப்புக் காட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். 1854-இல் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் வண்டுகளைத் தேடித் தேடிச் சேர்த்த காடு புக்கிட் தீமா. இங்கே மரத்துக்கு மரம் காற்றில் சறுக்கும் விலங்குகள் நான்கு வகை உண்டு: பறக்கும் ஓணான், பறக்கும் பாம்பு, பறக்கும் அணில், கொலுகோ என்ற பாலூட்டி.

ஓணான் நீண்ட விலா எலும்புகளைக் குடைக்கம்பி போல விரித்துத் தோலை இறக்கையாக்கும். பாம்பு உடம்பையே நாடாபோலத் தட்டையாக்கிக் காற்றில் நெளியும். அணிலும் கொலுகோவும் கைகால்களுக்கு இடையே உள்ள தோலை விரிக்கின்றன. பார்க்க இந்த இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் அணில் எலியின் கூட்டம். கொலுகோவுக்கு நெருங்கிய சொந்தம் குரங்குகளும் மனிதர்களும் அடங்கிய முதனிகள். நால்வரும் இந்தத் திறனைத் தனித்தனியே பெற்றவர்கள்.

ஒரே தேவை ஒரே மாதிரியான வடிவத்தை வெவ்வேறு வம்சங்களில் உருவாக்குவது குவி பரிணாமம். அப்படி வந்தவை செயலொத்த உறுப்புகள். பொது மூதாதையிடமிருந்து வந்த உறுப்புகள், செயல் மாறியிருந்தாலும், அமைப்பொத்த உறுப்புகள். நீர்நாயின் முன்னங்கால், கொக்கின் சிறகு, உங்கள் கை மூன்றிலும் மேல்கையில் ஓர் எலும்பு, முன்கையில் இரண்டு எலும்பு.

வௌவாலின் இறக்கையும் கொக்கின் சிறகும் எந்த வகை? கை என்ற அளவில் அமைப்பொத்தவை, இறக்கை என்ற அளவில் செயலொத்தவை. எந்த மட்டத்தில் கேட்கிறார்கள் என்று பார்த்துப் பதில் எழுதுங்கள்.

சாட்சிகள் முரண்பட்டால்

நீர்நாய், முதலை, கொக்கு மூன்றுக்கும் இதயத்தில் முழுமையாகப் பிரிந்த நான்கு அறைகள். உடும்புக்கு அப்படி இல்லை. இதை மட்டும் நம்பினால் நீர்நாயை முதலையோடு சேர்த்து, உடும்பை வெளியே தள்ளவேண்டிவரும். ஆனால் மண்டையோட்டு அமைப்பு, புதைபடிவங்கள், டி.என்.ஏ. எல்லாம் வேறு கதை சொல்கின்றன. இங்கே உதவுவது சிக்கன விதி, 'பார்சிமனி'. மிகக் குறைவான மாற்றங்களோடு எல்லாச் சாட்சியங்களையும் விளக்கும் மரத்தை ஏற்றுக்கொள் என்பது அதன் சாரம். இதயம் இரண்டு முறை தனித்தனியே பிரிந்தது என்று ஒப்புக்கொண்டால் போதும், மற்ற அனைத்தும் ஒழுங்காக உட்கார்ந்துவிடும்.

இன்று பெரும்பாலான மரங்கள் டி.என்.ஏ. வரிசைகளைக் கொண்டு, இன்னும் நுட்பமான புள்ளியியல் முறைகளில் கட்டப்படுகின்றன. நம் ஊரிலேயே அருமையான சான்று உண்டு. சிங்கப்பூரிலிருந்து 1838-இல் விவரிக்கப்பட்ட ராஃபிள்ஸ் பட்டை லங்கூரை, தீபகற்ப மலேசியாவிலும் சுமத்ராவிலும் வாழும் வேறு லங்கூர்களோடு சேர்த்து ஒரே இனம் என்று எண்ணியிருந்தார்கள். கூச்ச சுபாவமுள்ள அந்தக் குரங்குகளைப் பிடிக்காமல், அவற்றின் எச்சத்திலிருந்தே டி.என்.ஏ. எடுத்து 2020-இல் வெளியான ஆய்வு, அவை மூன்று தனி இனங்கள் என்று காட்டியது. ஒரே பெயருக்குள் இருந்தவரை எண்ணிக்கை பெரிதாகத் தெரிந்தது. பிரித்துப் பார்த்தபோதுதான் நம் லங்கூர் எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்பது தெரியவந்தது. ஒரு கணுவைச் சரியாக வரைவதில் ஓர் உயிரினத்தின் தலைவிதியே இருக்கலாம் என்று நான் உறுதியாக நம்புவதற்கு இதுவே காரணம்.

படத்தில் உள்ள மற்றக் குறிகள்

'கிளாடோகிராம்' என்ற வகை மரப்படத்தில் கிளையின் நீளத்துக்குப் பொருள் இல்லை. 'ஃபைலோகிராம்' என்ற வகையில் நீளம் என்பது டி.என்.ஏ. மாற்றத்தின் அளவு. காலத்துக்கு ஏற்ப அளந்து வரைந்ததும் உண்டு. படத்தின் அடியில் அளவுகோல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கணுவுக்குப் பக்கத்தில் 98, 64 போன்ற எண் இருந்தால் அது பெரும்பாலும் 'பூட்ஸ்ட்ராப்'. தரவைத் திரும்பத் திரும்பக் கலைத்து எடுத்து மரம் கட்டியபோது நூற்றுக்கு எத்தனை முறை அந்தக் குழு வந்தது என்பதைக் காட்டும். ஒரே கணுவிலிருந்து மூன்று நான்கு கிளைகள் கிளம்பினால் அது 'பாலிடோமி'. பெரும்பாலும், பிரிந்த வரிசை இன்னும் தெளிவாகவில்லை என்று அர்த்தம்.

மரம் ஏணி ஆகாது

'மனிதன் குரங்கிலிருந்து வந்தான்' என்பதை இப்போது நீங்களே திருத்தலாம். சிம்பன்சியும் நாமும் இரு நுனிகள். நடுவில் உள்ள கணு சுமார் 60 முதல் 70 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தையது. அந்தக் கணுவில் இருந்தது சிம்பன்சியும் அன்று, மனிதனும் அன்று. ஒரு நுனியிலிருந்து இன்னொரு நுனி முளைப்பதில்லை.

மண்டாய், கிராஞ்சி சேற்றுநிலங்களில் வாழும் குதிரைலாட நண்டை 'வாழும் புதைபடிவம்' என்பார்கள். அதன் குடும்பத்துப் புதைபடிவங்கள் 44 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்தே கிடைக்கின்றன, உண்மைதான். ஆனால் இன்று அங்கே ஊர்வது இன்றைய உயிர். வேரிலிருந்து அதன் நுனிவரை எவ்வளவு காலமோ, உங்கள் நுனிவரையும் அவ்வளவு காலமே. அப்புறம், அது நண்டும் அன்று. சிலந்தி, தேள் பக்கத்துச் சொந்தம்.

கிளைகள் மீண்டும் கூடும்போது

சில நேரம் மரம் போதாது. நம் தேசிய மலரையே பாருங்கள். ஆக்னஸ் ஜோகிமின் தோட்டத்தில் இரண்டு ஆர்க்கிட் இனங்களின் கலப்பாகப் பிறந்து 1893-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. பிரிந்துபோன இரண்டு கிளைகள் ஒரு பூவில் மறுபடி சேர்ந்தன. இதை வரைய வலை வேண்டும். வாண்டா மிஸ் ஜோகிம் என்றுதான் நம் தலைமுறைக்குப் பழக்கம். பெற்றோர் இனங்கள் இரண்டையும் தாவரவியலாளர்கள் வாண்டா பேரினத்திலிருந்து பாப்பிலியோனாந்தே பேரினத்துக்கு மாற்றியதால், பூவின் பெயரும் பாப்பிலியோனாந்தே மிஸ் ஜோகிம் ஆனது. பூமலைக்கு, அதாவது தாவரவியல் பூங்காவுக்கு, போகும்போது பெயர்ப்பலகையைப் படித்துப் பாருங்கள்.

கடைசிப் பயிற்சி

சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தில் ஒரு ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு இருக்கிறது. 2015 ஜூலையில் ஜூரோங் தீவு அருகே இறந்து மிதந்த, 10.6 மீட்டர் நீளப் பெண் திமிங்கிலம். அதே அரங்கில் நீண்ட கழுத்துள்ள மூன்று டைனசோர்களின் எலும்புக்கூடுகளும் நிற்கின்றன. உங்கள் தாளில் இந்த இரண்டையும் சேருங்கள்.

திமிங்கிலம் நீர்நாயின் கிளையில் சேரும், இரண்டும் பாலூட்டிகள். நீர்யானையையும் சேர்த்தால், திமிங்கிலத்துக்கு நீர்நாயைவிட அதுதான் பக்கம். டைனசோரை எங்கே ஒட்டுவது? கணு 4-க்குப் பிறகு, கொக்கின் கிளையில், நடுவழியில் ஒரு புதுக்கணு வைத்து. பறவைகள் டைனசோர் கிளைக்குழுவுக்குள் அடங்கியவை.

இரண்டையும் ஒட்டிய பிறகு அக்கா மகளிடம் பழைய கேள்வியையே மறுபடி கேட்டேன்: முதலைக்கு நெருங்கிய சொந்தம் இப்போது யார்? அவள் விரலை வைத்து நகர்த்திப் பார்த்தாள். கொக்கும் கணு 4-இல்தான் முதலையைச் சந்திக்கிறது, டைனசோரும் கணு 4-இல்தான். "ரெண்டு பேருமே சித்தி, சமமா" என்றாள்.